சேதி வராத தோணி

ஆறு கடலில் சேரும் இடத்திலுள்ள புன்னைக்காயலுக்கு வரும் சாலையை வெள்ளம் அறுத்துக்கொண்டு போனதில் ஊர் தீவாகிவிட்டது. மழை ஓய்ந்தும் தண்ணீர் வடியவில்லை. கரண்ட் கிடையாது. போனுக்கு எப்போதாவது உயிர் வரும், உடனே போய்விடும்.

அந்த ஊர் நர்ஸ் ஈவாஞ்சலினுக்கு இதையெல்லாம்விடப் பெரிய பாரம் ஒன்று இருந்தது. அவள் கணவன் ரோச், மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணியில் இருந்தான். காற்று கிளம்பியதிலிருந்து அந்தத் தோணியிடமிருந்து சேதியே இல்லை. பக்கத்து வீட்டுப் பிலோமினாவின் ஒரே மகன் செல்வினும் அதில்தான் போயிருந்தான். இரண்டு பெண்களும் கோவிலில் மாதா சுரூபத்தின் முன்னால் முழந்தாளில் கிடந்தார்கள்.

ஈவாஞ்சலினின் போன் அடித்தது. ரோச்தான் என்று பதறி எடுத்தாள். பேசியது மந்திரமூர்த்தி. ஆற்றுக்கு மேற்கே, வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஊரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்.

"நர்சம்மா, வீடு முங்கிட்டு. மருந்து வச்சிருந்த பிரிட்ஜும் போச்சு. இந்துமதிக்கு நேத்துலருந்து ஊசி போடல. வாந்தியா எடுக்கா. மூச்ச இழுத்து இழுத்து விடுதா. மொட்டைமாடில கிடக்கோம். ஒரு படகும் இங்கன..."

அதற்குள் போன் செத்துவிட்டது.

இந்துமதி அவருடைய மகள், கல்லூரியில் படிப்பவள். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். இன்சுலின் இல்லாமல் அவளால் உயிரோடிருக்க முடியாது. அந்த மூச்சு, உயிர் போகும் நிலை நெருங்குவதைக் காட்டுகிறது என்று ஈவாஞ்சலினுக்குத் தெரியும். அவள் எழுந்தாள்.

பிலோமினா கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏளா, போன வருசமே அந்த ஊர வேற நர்சுகிட்ட குடுத்தாச்சுல்லா? உன் ஆளும் எம்பிள்ளையும் எங்கன கிடக்காங்களோ. போவாத. செபமாலைய முடிப்போம்."

ஈவாஞ்சலினுக்கும் அந்தப் பயம் இருந்தது. தான் செபத்தை விட்டுப் போய்விட்டால் ரோச்சைப் பிடித்திருக்கும் ஏதோ ஒன்று அறுந்துவிடும் என்று தோன்றியது. சுரூபத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். 'ஆண்டவரே, அவரப் பிடிச்சு வச்சிருக்கது நான் இல்ல, நீருதான். நீரே பாத்துக்கிடும். எனக்கு அங்கன வேலை இருக்கு.'

"மைனி, போன் வந்தா நீங்க எடுங்க" என்று போனைப் பிலோமினாவின் கையில் வைத்துவிட்டு நடந்தாள்.

தடுப்பூசிப் பெட்டியில் மீனுக்கு வைத்திருந்த ஐஸை நிரப்பி, சுகாதார நிலையத்தில் இருந்த இன்சுலின் குப்பிகளைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தாள். மீன்பிடிக்கிற கிளாட்வினின் பைபர் படகு தென்னைமரத்தில் கட்டிக் கிடந்தது. வலையெல்லாம் வெள்ளத்தில் போய், அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"இழுப்பு பயங்கரமா இருக்கு நர்சக்கா. போயிரலாம். திரும்பி வாரதுதான் சொல்ல முடியாது."

"அப்போ போவோம்."

வாழைக் குருத்துகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. செத்த ஆடுகள் மிதந்து போயின. பாதி வழியில் வாழைநார் சுற்றி எஞ்சின் நின்றது. படகு பக்கவாட்டில் திரும்பிக் கடலைப் பார்க்க ஓடத் தொடங்கியது. கிளாட்வின் கத்தியோடு பின்பக்கம் குனிந்தான். ஈவாஞ்சலின் தண்ணீருக்கு மேலே நின்ற பனையின் மட்டையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். மட்டையின் ரம்பம் போன்ற கருக்கு முழங்கை வரை கையைக் கிழித்தது. 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினாள். அதற்கு மேல் வாயில் வரவில்லை. எஞ்சின் மறுபடி உறுமும்வரை மட்டையை மட்டும் விடவில்லை.

மொட்டைமாடியில் இந்துமதி கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். ஈவாஞ்சலின் சர்க்கரையைச் சோதித்து ஊசி போட்டாள்.

"இது பத்தாது அண்ணாச்சி. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவணும்."

மந்திரமூர்த்தி அழுதுகொண்டே கையெடுத்துக் கும்பிட்டார்.

"கும்பிடதெல்லாம் பொறவு. அவ தலையப் பிடிங்க."

போர்வையில் கிடத்தி அவளைப் படகில் இறக்கினார்கள். ஆம்புலன்ஸ்கள் நின்ற பெரிய பாலத்துக்குப் போய்ச் சேரும்வரை அவள் தலை ஈவாஞ்சலினின் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரியில் அன்று இரவு கூடவே இருந்தாள். விடிந்ததும் இந்துமதி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

ஈவாஞ்சலின் ஊர் திரும்பியபோது கரையில் சனம் கூடி நின்றது. பங்குச் சாமியார்தான் முன்னால் வந்து சொன்னார். தோணி முங்கிவிட்டது. அந்த வழியாக வந்த கப்பல் ஒன்று ஆட்களைத் தூக்கிக் காப்பாற்றியிருக்கிறது. ரோச் மாலத்தீவு ஆஸ்பத்திரியில் இருக்கிறான், கால் முறிந்திருக்கிறது, உயிருக்குப் பயமில்லை. செல்வினை அலை கொண்டுபோய்விட்டது.

"ரோச் உன் நம்பருக்குத்தான் பேசியிருக்கான். எடுத்தது பிலோமினா."

ஈவாஞ்சலின் ஆண்டவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. நேரே பிலோமினா வீட்டுக்குப் போனாள்.

பிலோமினா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "உன் ஆளு இருக்கான் ஏளா. எம்பிள்ளைய மட்டும் ஏன் விட்டா உன் மாதா?"

"தெரியல மைனி."

ஈவாஞ்சலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சினாள். பிலோமினா தொடவில்லை. மறுநாளும் காய்ச்சினாள்.

வெள்ளம் வடிந்து ஊரெல்லாம் காய்ச்சல் பரவியது. ஈவாஞ்சலின் பகலெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ரோச் கட்டுப்போட்ட காலோடு வந்து சேர்ந்தான். இனி கடலுக்குப் போக முடியுமா என்பது தெரியவில்லை. அவனையும் கவனித்துவிட்டுச் சாயங்காலம் பிலோமினா வீட்டுக்குக் கஞ்சியோடு போவாள். கோவிலுக்கு வா என்று ஒருநாளும் கூப்பிடவில்லை. ராத்திரி செபமாலையில் செல்வின் பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டாள்.

ஒருநாள் பிலோமினா தானாகவே வாய் திறந்தாள்.

"அந்தப் பிள்ள எப்படி இருக்கா?"

"காலேஜுக்குப் போறா மைனி."

பிலோமினா கஞ்சிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.