விசாவுக்குப் புருஷன் வேண்டும்

வந்திருந்தவர்கள்:

ரோசலின்.
அவளுடைய பழைய பாஸ்போர்ட், மூலை வெட்டப்பட்டது.
அவளுடைய புதிய பாஸ்போர்ட், உள்ளே ஒன்றும் இல்லாதது.
நான்காம் கவுண்டரில் அதிகாரி இஸ்ஸதி.
வாசலில் ஒரு காவலாளி.
ரோசலினுக்குப் பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பை.

வராதவர்: அவளுடைய கணவன். அவனை வரவிடாமல் செய்தவன் நான்.

1

இந்தக் கதை ஒரு போட்டோஸ்டேட் கடையில் கிடைத்தது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு சந்துக்குள் காஜா மொய்தீன் அந்தக் கடையை வைத்திருக்கிறார். நகல் எடுப்பார், பாஸ்போர்ட் போட்டோ எடுப்பார், கேட்டால் விண்ணப்பப் பாரமும் நிரப்பித் தருவார். யாரும் பிரசுரிக்கப்போகாத வேறொரு கதையை நகல் எடுக்க நான் போயிருந்தேன். இரவு ஷிஃப்டை விட்டவனுக்குப் பகலில் போக இடங்கள் குறைவு.

ஒரு பெண் வந்து, "இந்த போட்டோ போதுமாண்ணே?" என்று கேட்டாள்.

"பாஸ்போர்ட்டுக்கு போட்டோ போதும்மா," என்றார் காஜா மொய்தீன். "விசாவுக்குப் புருஷன் வேணும்."

அவள் சிரித்தாள். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். நாங்கள் கொஞ்சம் தாமதமாக நிறுத்தினோம். எனக்கு நிஜமாகத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் போட்டது.

2

முதல் தொடக்கம்: "பழைய கட்டடங்களின் ஓடுகள்மேல் மழை மெல்ல"

(நிறுத்திவிட்டேன். மழையில் தொடங்குகிறவனிடம் கதை இல்லை என்று அர்த்தம்.)

இரண்டாம் தொடக்கம்: "ரோசலின் என்ற அந்த அபலை"

(அபலை இல்லை. பர்மா ரோட்டில் ஒரு டோபிக் கடையை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறாள். சட்டைப் பையில் பேனாவை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அவள் கொடுக்கும் திட்டு எதிர்த்த கோப்பிக்கடை வரை கேட்கும்.)

மூன்றாம் தொடக்கம்: "சட்டப்படி ரோசலின் பதினோரு வருஷமாக விருந்துக்கு வந்திருக்கிறாள்."

இது நிற்கும். அவளிடம் இருக்கும் அனுமதியின் பெயர் நீண்டகாலச் சமூக வருகை. காரைக்காலில் இருந்து வந்து, பினாங்குக்காரனைக் கல்யாணம் செய்து, இங்கேயே பிள்ளை பெற்று, இங்கேயே துணி துவைத்து, இங்கேயே பல் பிடுங்கிக்கொண்டாலும் அதற்குப் பெயர் வருகைதான். மகள் நட்டாலி பிறப்பால் மலேசியக் குடிமகள். ஆக, அந்த வீட்டில் ஒருத்தி சொந்தக்காரி, ஒருத்தி விருந்தாளி. சொந்தக்காரிக்கு விருந்தாளிதான் தலை வாரிவிடுகிறாள்.

போன தடவை அவளுக்கு நீட்டிப்புக் கொடுத்தபோது, பழைய பாஸ்போர்ட் காலாவதியாகும் நாள் வரைதான் கொடுத்தார்கள். அந்த நாள் வருகிற ஞாயிற்றுக்கிழமை. புதிய பாஸ்போர்ட் வந்துவிட்டது. பழையதில் இருக்கும் அனுமதியைப் புதியதற்கு மாற்றி, அதிலேயே நீட்டிக்கவும் வேண்டும். கதை நடப்பது வெள்ளிக்கிழமை. இன்றைக்கு முடியாவிட்டால் திங்கட்கிழமை அவள் இந்த நாட்டில் இருக்கக்கூடாதவள். போயாக வேண்டும். நட்டாலி போக வேண்டியதில்லை. அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

3

முதல் பிரதியில் கணவன் இருந்தான். பெயர் ஆரோக்கியநாதன். கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் அம்மா வீட்டில் இருக்கிறான். பெரிய சண்டை ஒன்றும் கிடையாது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஃபெர்ரி ஏறிப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். முதலில் அவனுடைய சட்டைகள் போயின. அப்புறம் மேசை விசிறி போயிற்று. விசிறி போன அன்றைக்குத்தான் ரோசலினுக்கு விஷயம் விளங்கியது.

விவாகரத்து என்று போனால் வருகை முடிந்துவிடும். ஆகவே வருஷத்துக்கு ஒரு காலை மட்டும் இருவரும் தம்பதி. அவன் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு வருவான். அவள் முதல் நாளே தேய்த்து வைத்த சட்டையைக் கொடுப்பாள், கழிவறையில் மாற்றிக்கொள்வான். கவுண்டர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்வார்கள். "பேனா இருக்காம்மா?" என்று கேட்பான். மற்ற நாளில் அவளை "ம்மா" என்று அவன் கூப்பிட்டதே இல்லை. கையெழுத்துப் போட்டதும் கீழே வந்து ஆளுக்கொரு தே தாரிக் தேநீர் குடிப்பார்கள். மோதிரம் இறுக்குகிறது என்று அவன் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஃபெர்ரிக்கு நடப்பான்.

பினாங்கில் இதைவிட மோசமாக நடக்கும் கல்யாணங்கள் எனக்குத் தெரியும். எல்லா நாளும் சேர்ந்து வாழ்கிறார்கள்.

காஜா மொய்தீன் நகல் எடுக்கும்போதே படித்துவிடுகிற ஆள். முதல் பிரதியைப் படித்துவிட்டு, "தம்பி, இந்த ஆம்பள எதுக்கு?" என்றார். "லோரியிலேயே ரெண்டு பக்கம் போகுதுலா. தூக்கிடுங்க. பொம்பள தனியா போயி ஜெயிக்கட்டும். இப்ப அதான் ஓடுது."

தூக்கிவிட்டேன். இரண்டாம் பிரதியில் ரோசலின் தனியாக, தலைநிமிர்ந்து, நான்காம் கவுண்டருக்குப் போனாள்.

4

(எந்த அலுவலகம் என்று எழுதமாட்டேன். எல்லா அலுவலகத்திலும் அதே நாற்காலிதான்.)

இஸ்ஸதி இரண்டு பாஸ்போர்ட்டையும் புரட்டினாள். பழையதில் அனுமதி இருந்தது, பாஸ்போர்ட்டுக்கு உயிர் இல்லை. புதியதற்கு உயிர் இருந்தது, அனுமதி இல்லை.

"கணவர் எங்கே, காக்?"

(காக் என்றால் அக்கா. அவர்கள் பேசியது மலாயில். நான் தமிழில் எழுதுகிறேன்.)

"வேலையில இருக்காரு."

"அவர் வரணும். என் முன்னாடி கையெழுத்துப் போடணும்."

"அவர் ஐசி அடையாள அட்டை நகல் இருக்கு. கல்யாணப் பத்திரம் இருக்கு. மகளோட பிறப்புப் பத்திரம் இருக்கு."

"எல்லாம் இருக்கு, காக். அவர்தான் இல்ல."

இந்த இடத்தில் இஸ்ஸதியைக் கெட்டவளாக்கப் பார்த்தேன். "நகத்தைப் பார்த்தபடி அலட்சியமாக" என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். விதியை அவள் போடவில்லை. அவளுக்கும் வீட்டில் ஒரு விருந்தாளி இருக்கக்கூடும்.

"வெள்ளிக்கிழமை," என்றாள் இஸ்ஸதி. "தொழுகை நேரத்துக்குக் கதவைச் சாத்திடுவாங்க. நான் இங்கேதான் இருப்பேன். சாத்துறதுக்கு முன்னாடி அவர் உள்ளே வந்துட்டா இன்னைக்கே முடிச்சுத் தரேன். அப்புறம் வந்தா திங்கட்கிழமைதான்."

ரோசலின் நாற்காலிக்குத் திரும்பினாள். பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்தாள். இந்தக் கதையில் அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"தம்பி. அவர நீங்கதானே தூக்குனீங்க?"

"கதைக்குத் தேவைப்படலக்கா."

"எனக்கு மட்டும் தேவைப்பட்டுச்சா? கவுண்டருக்குத் தேவைப்படுதுலா. கொண்டாந்து உக்கார வைங்க."

5

பழைய பிரதியில் இருக்கும் ஆளைப் புதிய பிரதிக்கு மாற்ற வேண்டும். நகல் செல்லாது, அசல்தான் வேண்டும் என்பது இங்கேயும் விதி.

மாறி வந்தவை: லோரி, மோதிரம், அம்மா, பாகான் டாலாம்.

மாறாமல் போனவை: கோயில் பாடகர் குழுவில் அவன் பாடியது. பிறந்த இரண்டாம் நாள் நட்டாலியைத் தூக்கி வைத்துக்கொண்டு, கழுத்து பிடித்துக்கொண்ட பிறகும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கங்களை நான் கிழித்து எறிந்திருந்தேன். ஆகவே புதிய ஆரோக்கியநாதன் பழையவனைவிடக் கொஞ்சம் கறாராகவே வந்து சேர்ந்தான். ரோசலின் போன் செய்தாள். எடுத்ததும் சொன்னான்:

"இந்த வருஷத்துக்குத்தான் வந்தாச்சேலா. ஒரு தடவதானே கணக்கு?"

"அது நீட்டிப்புக்கு. இது பாஸ்போர்ட் மாத்துனதுக்கு."

"நீ பாஸ்போர்ட் மாத்துனா நான் லீவு போடணுமா?"

"நான் ஆளத்தான் மாத்தல, அதுக்குச் சந்தோஷப்படுங்க."

அவன் லோரியை ஓரம்கட்டி எஞ்சினை அணைத்தான்.

"சரி, வரேன். நாளைக்கு நீ வரியா?"

நாளைக்கு புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா. தேர் பவனி. அவனுடைய சொந்தக்காரர்கள் சுங்கை பாக்காப்பில் இருந்து வேன் பிடித்து வருகிறார்கள். மகன் அம்மா வீட்டில் இருப்பது ஷிஃப்டுக்கு வசதியாக என்றுதான் அவர்களுக்கு இதுவரை சொல்லப்பட்டிருக்கிறது. இந்தத் தடவை மகனும் மருமகளும் ஜோடியாகப் பவனியில் நடப்பார்கள் என்று அம்மா வாக்குக் கொடுத்துவிட்டார்.

"ஒரு மெழுகுவத்தி பிடிச்சு என் பக்கத்துல நடக்கணும். அவ்ளோதான்."

"முடியாது."

"நான் அங்க வந்து உன் பக்கத்துல உக்காந்து நடிக்கல?"

"இது கவர்மெண்டு. அவங்களுக்கு நடிச்சாதான் புரியுது. அன்னம்மா முன்னாடி என்னால முடியாது."

"ஏன், அவங்க ஐசி கேப்பாங்களா?"

ரோசலின் போனை வைத்துவிட்டாள்.

* இங்கே ஒரு குறிப்பு. நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன்: மகளுக்காக ஒரு மெழுகுவத்தி பிடிக்கக்கூடாதா? இந்தப் பாத்திரம் தேறாது என்று இங்கேதான் சந்தேகப்பட்டேன். "மகளை நினைத்தாள், சம்மதித்தாள்" என்றுகூட எழுதினேன். அந்த வாக்கியத்தில் அவள் நிற்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் நட்டாலியைக் கூட்டிக்கொண்டு அந்தத் திருவிழாவுக்குப் போகிறாள், கூட்டத்தோடு கூட்டமாக, மாமியார் நிற்கும் பக்கம் போகாமல். "வீட்டுக்காரர் வரலையா?" என்று பினாங்கு முழுக்கக் கேட்கிறார்கள். கேட்காத ஒரே ஆள் அந்த அன்னம்மாள் சுரூபம்தான். அதனிடமும் அவனைக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்கிறீர்கள்.

6

கதவு சாத்த நேரம் நெருங்குகிறது. கையில் இருக்கும் முடிவுகளைப் பார்க்கிறேன்.

அ. ஆரோக்கியநாதன் மனம் மாறினான். (லோரியைத் திருப்புவதற்கே அவன் நிறைய யோசிப்பவன்.)

ஆ. இஸ்ஸதி இரக்கப்பட்டு, கையெழுத்து இல்லாமலே முத்திரை குத்தினாள். (அடுத்தவள் வேலையைப் பணயம் வைத்து நான் இரக்கம் காட்டுவது.)

இ. கணவன் இடத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். இதை ரோசலினிடம் சொன்னேன். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான். "உங்களுக்கு வேலையே இல்ல தம்பி. பே ஸ்லிப் கேப்பாங்க."

ஈ. காஜா மொய்தீன் வாட்ஸ்அப்பில் அனுப்பியது: "அவன் லோரி கவுந்து செத்துட்டா? விதவைன்னா கவுண்டரே வேற."

"அவர் சாக வேணாம்," என்றாள் ரோசலின். "வந்தா போதும். இங்க உக்காந்து என் மூஞ்சியப் பாக்காம, கீழ போய் நில்லுங்க. வந்தா வழி காட்டுங்க. வருஷா வருஷம் வந்தாலும் மாடிப்படி எந்தப் பக்கம்னு கேக்கிற ஆளு."

7

போய் நின்றேன்.

வந்தான். மனம் மாறி வரவில்லை, அதை எழுதிவைக்கிறேன். ரோசலின் போனை வைத்த பிறகு அவன் லோரிக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறான். ரோசலின் ஊருக்குப் போய்விட்டால், நாளைக்கு மட்டுமல்ல, இனி எந்தத் திருவிழாவுக்கும் காட்ட மனைவி கிடையாது. ஷிஃப்ட் பொய் அத்தோடு உடையும். அம்மாவால் சுங்கை பாக்காப் பக்கம் தலைகாட்ட முடியாது. ரோசலினை இந்த நாட்டில் வைத்துக்கொள்ள அவனுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. பாசத்தைவிடக் கெட்டியான காரணம்.

சட்டை கசங்கியிருந்தது. மோதிரம் விரலில் இருந்தது.

"மாடிப்படி எந்தப் பக்கம்லா?" என்றான்.

காட்டினேன். "உள்ள போயி என்ன செய்வீங்க?" என்றேன். அவனை எழுதுகிறவன் கேட்கக்கூடாத கேள்விதான்.

"கையெழுத்து இன்னைக்கு. தேரு நாளைக்கு," என்றான். "போட்டுக் குடுத்துட்டா அவ வருவாளா? பேனாவ எடுக்குறதுக்கு முன்னாடி கேப்பேன். வரேன்னு சொல்லட்டும். அப்புறம் போடுறேன்."

"சொல்லிட்டு வரலைன்னா?"

"ரோசலின் பொய் சொல்ல மாட்டா," என்றான். அதைச் சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சரிதான். ரோசலின் பொய் சொல்லமாட்டாள். டோபிக் கடையில் சொன்னதில்லை, வீட்டில் சொன்னதில்லை, கோயிலில் சொன்னதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, ஒரே ஓர் இடத்தில் சொல்வாள். நான்காம் கவுண்டர் முன்னால், அவனுக்குப் பக்கத்து நாற்காலியில். அங்கே உட்காரவைத்துத்தான் அவளிடம் வாக்குக் கேட்கப்போகிறான்.

இதை அவனிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் பாதிப் படி ஏறிவிட்டான். பின்னாலேயே ஓடினேன்.

மேலே காவலாளி சாவியோடு நின்றிருந்தார். ஆரோக்கியநாதன் மோதிரக் கையைத் தூக்கிக் காட்டி, "மனைவி உள்ள இருக்கா," என்றான். அவர் வழிவிட்டார்.

"நீங்க?" என்றார் என்னிடம்.

"நான் எழுதுறவன்."

"வரிசை நம்பர் இருக்கா?"

இல்லை. ஆகவே மிச்சத்தை நான் பார்க்கவில்லை. நீங்கள் முதல் வரியில் இருந்தே உள்ளேதான் இருக்கிறீர்கள். உங்களை யாரும் நம்பர் கேட்கவில்லை. அவன் கேட்கும்போது அவள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். நாளைக்கு புக்கிட் மெர்தாஜாமுக்கும் நீங்களே போய்ப் பாருங்கள். எத்தனை மெழுகுவத்தி என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

கண்ணாடி வழியாகத் தெரிந்தது இவ்வளவுதான்: அவன் வருவதைப் பார்த்ததும் ரோசலின் பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவனுக்குப் பின்னால் காவலாளி கதவைச் சாத்திப் பூட்டினார்.