இரண்டு நிமிடம் நாற்பத்தேழாவது நொடி

பாடகி ஜோடி ரென்ஃப்ரூவின் 'மழைத்தொட்டி' ஆல்பம் வெளிவந்தபோது நெரிடா இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

நெரிடா என் மனைவி. முப்பத்தொரு வயது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு முதியவருக்கு பிரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய். நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அதன்பிறகு, துக்க வீட்டில் சமைக்க வேண்டாமென்று அக்கம்பக்கத்தார் லசான்யா செய்து கொண்டுவந்தார்கள். பதினொரு லசான்யா. யார் வீட்டுத் தட்டு எது என்று நெரிடாவின் அக்கா பிரையனி ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் ஒட்டி உறைபெட்டிக்குள் அடுக்கினாள். துணிக்கொடியில் நெரிடாவின் நீச்சல் உடை தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்கட்டுமா என்று கேட்டாள். அது அங்கேயே இருந்தது.

ஜோடியை எங்கள் ஊர் ஹோபார்ட்டில் தெரியாதவர்கள் இல்லை. இருபது வருடத்துக்கு முன் நான்கு பெண்கள் சேர்ந்து ஆடிப் பாடிய குழுவில் ஒருத்தி. வெள்ளி நிற பூட்ஸ் போட்டவள். நாங்கள் பள்ளியில் படித்தபோது ஒவ்வொரு நடன விழாவிலும் அவர்கள் பாட்டுதான். இப்போது அவளுக்கு நாற்பத்துநான்கு. ஹுவான் பக்கம் ஓர் ஆப்பிள் தோட்டத்தில் குடியிருக்கிறாள். விவாகரத்து, அம்மாவின் மறதி, மழை நாளில் காயாத துணி இவற்றைப் பற்றியெல்லாம் எழுதி, தனியாகப் பாடிய முதல் ஆல்பம் இது.

ஆறாவது பாட்டு 'ஈரத்துணி'. அதற்குப் பின்னணி பாட எங்கள் பகுதிச் சேர்ந்திசைக் குழுவிலிருந்து எட்டுப் பெண்களைக் கூப்பிட்டிருந்தாள். நவம்பரில் ஒரு சனிக்கிழமை, ஊர் மண்டபத்தில் ஒலிப்பதிவு. எட்டுப் பேரில் நெரிடாவும் ஒருத்தி. கடைசிச் சரணத்துக்கு முன் ஒரு மௌனம் வரும். தாளத்தில் மூன்று தட்டு. நான்காவதில் எட்டுப் பேரும் சேர்ந்து பாட்டை எடுக்க வேண்டும். நெரிடா மூன்றாவது தட்டிலேயே எடுத்துவிட்டாள்.

மாலையில் அவளை அழைத்துவரப் போயிருந்தேன். காரில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். பிறகு, "நான் கெடுத்துட்டேன் ஆங்கஸ்" என்றாள்.

"யாருக்குத் தெரியப்போகுது" என்றேன். அப்போது என் மனம் வீட்டுக் கூரையின் தகரக் குழாயில் இருந்தது. அதில் ஓர் ஓட்டை.

அதைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

ஆல்பம் வெளிவந்த அன்று சமையலறையில் நின்று கேட்டேன். இரண்டு நிமிடம் நாற்பத்தேழாவது நொடியில், வேறு எந்த ஓசையும் இல்லாத இடத்தில், அவள் வந்தாள். ஒரே ஒரு தட்டு நேரம். பிறகு மற்ற ஏழு பேரும் சேர்ந்துகொள்ள அவள் உள்ளே கரைந்துவிட்டாள். கெட்டில் கொதித்து அணைந்தது. பாட்டைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டேன். எத்தனை முறை என்று தெரியாது.

அவள் குரல் என் போனில் நிறைய இருக்கிறது. பால் வாங்கிவா, கதவைப் பூட்டினாயா, எங்கே இருக்கிறாய். அவையெல்லாம் என்னோடு முடிகிறவை. இது அப்படியில்லை. முன்பின் தெரியாதவர்களின் காரில், குளியலறையில், அடுப்படியில் அவள் ஒவ்வொரு நாளும் ஒரு நொடி வந்துபோகிறாள். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

எங்கள் ஊர் வானொலியில் மாதம் ஓர் ஆல்பம் எடுத்துக்கொள்வார்கள். நேயர்கள் இணையப் பக்கத்தில் கருத்து எழுதலாம். சனிக்கிழமை காலை கெவ் பேட்டர்சல் அதையெல்லாம் படிப்பார். படகுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சம்பளமில்லாமல் பதினைந்து வருடமாக நிகழ்ச்சி நடத்துகிறார். முதல் வாரம் நாற்பத்தொரு கருத்து வந்திருந்தது. எல்லாவற்றையும் படித்தேன். ஆட்டத்தை விட்ட பிறகுதான் இந்தப் பெண்ணுக்குப் பாட்டு வந்திருக்கிறது என்று ஒருவர். முன்னாள் மனைவிக்கு ஒன்று அனுப்பலாம் என்றிருக்கிறேன், அவள் திருப்பி அனுப்புவாள் என்று இன்னொருவர். வெள்ளி பூட்ஸ் எங்கே என்று மட்டும் கேட்டு ஆறு பேர்.

முப்பத்தெட்டாவது, மூனாவிலிருந்து ஜெஃப் என்பவர் எழுதியது. "நல்ல ஆல்பம். ஆனா ஆறாவது பாட்டுல பின்னாடி ஒரு பொம்பள முந்திக்கிட்டு வந்துடுது. பஸ்ஸப் பிடிக்கணும் போல. சரிபண்ணக் கூடாதா?"

அவர் ஒருவர்தான். வேறு யாரும் கவனித்திருக்கவில்லை. அங்கேயே விட்டிருக்கலாம்.

விடவில்லை. 'ஷாரன், கிளனார்க்கி' என்ற பெயரில், அந்த நொடிதான் ஆல்பத்திலேயே அழகு என்று எழுதினேன். எந்த நொடி என்றும் எழுதினேன். அடுத்த நாள் 'டெஸ்மண்ட், கிங்ஸ்டன்' ஆனேன். அதற்கடுத்த நாள் 'ஓர் இசை ஆசிரியை'.

நொடியைச் சொன்னதும் எல்லோரும் போய்க் கேட்டார்கள். கேட்டவுடன் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரே வாரத்தில் அறுபது கருத்து. அவளுக்கு 'அவசரக்காரி' என்று பெயர் வைத்தார்கள். அவசரக்காரி அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவசரக்காரி தன் கல்யாண நாளிலும் தேவாலயத்துக்கு முதல் ஆளாகப் போயிருப்பாள். ஒருவர் அந்த இடத்தை மட்டும் வெட்டி முப்பது முறை தொடர்ந்து வரும்படி ஒட்டிப் போட்டிருந்தார். அதற்கு நானூறு பேர் சிரித்திருந்தார்கள். சிலர் நிஜமாகவே கோபப்பட்டார்கள். இத்தனை வயதுக்குப் பிறகு உருப்படியாக ஓர் ஆல்பம் போட்டவள் இதைக்கூடப் பார்க்க மாட்டாளா என்று.

நான் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். வேலைக்குப் போகவில்லை. சாப்பிட்டேனா என்று பிரையனி கேட்டால் ஆமாம் என்றேன். ஷாரனும் டெஸ்மண்டும் ஜெஃபோடு சண்டை போட்டார்கள். ஷாரன் கொஞ்சம் கெட்ட வார்த்தையும் பேசினாள், கருத்துகளைப் படித்த கெவ்வையும் சேர்த்து.

மூன்றாம் வாரம் நிலையத்தின் அறிவிப்பு வந்தது. வரும் சனிக்கிழமை ஜோடியே நிகழ்ச்சிக்கு வருகிறாள். நேயர் கருத்துக்களை மதித்து ஆறாவது பாட்டைத் திருத்த யோசிக்கிறாள். அன்று இரண்டாம் முறை பாடிய பதிவும் இருக்கிறதாம். அதில் எட்டுப் பேரும் சரியாக எடுத்திருக்கிறார்களாம். அந்த வரியை அதிலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம். இணையத்தில் இருக்கும் பாட்டு மாறிவிடும். பழையது இருந்த தடமே இருக்காது.

அந்த இரண்டாம் பதிவிலும் நெரிடா இருப்பாள். எட்டில் ஒன்றாக. முதல் பதிவில் ஏழு பேர் சேர்ந்த பிறகு அவளை என்னால் ஒருமுறைகூடப் பிரித்துக் கேட்க முடிந்ததில்லை.

அன்று மதியம், கருத்துப் பக்கத்தில் மூன்று பெயருக்கும் நான் கொடுத்திருந்த ஒரே எண்ணுக்கு கெவ் போன் செய்தார்.

"தம்பி, இந்த ஊர்ல மொத்தமே ரெண்டு லட்சம் பேரு. அதுல மூணு பேருக்கு ஒரே நொடியப் புடிக்குமா? அதுவும் மூணு பேரும் ஒரே கம்ப்யூட்டர்ல உக்காந்து எழுதுவாங்களா?"

நான் மடிக்கணினியை மூடினேன்.

"ஷாரன் என்னை என்ன சொன்னா தெரியுமா? என் பொண்டாட்டிகூட அப்படிச் சொன்னதில்ல."

"மன்னிச்சுக்குங்க."

"மன்னிக்கறது இருக்கட்டும். யாருப்பா அந்தம்மா உனக்கு?"

சொன்னேன். அவள் இறந்தது மார்ச் பன்னிரண்டு என்பதையும் சொன்னேன். அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சனிக்கிழமை ஒன்பதரைக்கு வா, பின்பக்கக் கதவு திறந்திருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

போனேன். சவரம் செய்துகொண்டு போனேன். என்ன சொல்வதென்று காரில் ஒத்திகை பார்த்தேன். கெஞ்சுவது என்று முடிவு செய்திருந்தேன்.

நிலையத்தில் காபி போடும் சின்ன அறையில் ஜோடி நின்றிருந்தாள். கம்பளிச் சட்டை, சேறு பட்ட காலணி. முகத்தில் பூச்சு எதுவும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன் என் கையைப் பிடித்தாள். நெரிடா இறந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது. குழுத் தலைவி பெவ் மார்ச்சிலேயே சொல்லிவிட்டாளாம்.

"நேயர்கள் சொல்றதுக்காக மாத்தறேன்னு நெனச்சுட்டீங்களா? இருபது வருஷமா திட்டு வாங்கறவ நான்" என்றாள். தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

நெரிடா அவளுக்கு எழுதிய மின்னஞ்சல். பிப்ரவரி ஒன்பதாம் தேதி. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

'நீங்கள் அனுப்பிய பதிவைக் கேட்டேன். ஏழு பேர் சரியாகப் பாடியிருக்கிறார்கள். நான் ஒருத்தி மட்டும் தனியாகத் தெரிகிறேன். இதைச் சின்ன விஷயம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பாட்டு இப்படியே வந்துவிட்டால் நான் வாழ்நாள் முழுக்க இதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.'

கீழே ஜோடியின் பதில். அதுதான் பாட்டிலேயே உயிருள்ள இடம், ஒரு மாதம் பொறு, அப்போதும் வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன் என்று.

"ஒரு மாசம் கழிச்சுக் கேக்கறதுக்கு அவங்க இல்ல" என்றாள் ஜோடி. "கேக்காமலே வெளியிட்டுட்டேன். அந்த 'அவசரக்காரி'ய எல்லாம் படிச்சேன். அவங்க பயந்தது அப்படியே நடந்துடுச்சு. அதனாலதான் எடுத்துரலாம்னு இருக்கேன்." அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. "உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா? கடைசில மனசு மாறுச்சா?"

கண்ணாடிக்கு அப்பால் கெவ் காதில் கருவியை மாட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தார். ஐந்து விரலைக் காட்டினார். ஐந்து நிமிடம்.

அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல நான் இடம் கொடுக்கவில்லை. யாருக்குத் தெரியப்போகுது என்று நவம்பரில் சொன்னவன் நான். நொடி முதற்கொண்டு ஊருக்குக் காட்டிக்கொடுத்ததும் நான்.

"மாறுச்சு" என்றேன். "கடைசி வாரம் சொன்னா. சமையல்கட்டுல நின்னு அவளே அந்த எடத்தப் பாடிக் காட்டிச் சிரிச்சா. இருந்துட்டுப் போகட்டும்னா."

"நெஜமா?"

"ஆமா."

ஜோடி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஷாரன், டெஸ்மண்ட், இசை ஆசிரியை. நான்காவதாக நெரிடாவின் பெயரிலும் ஒரு கருத்துச் சொல்லிவிட்டேன். அதை மட்டும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

நிகழ்ச்சியில் ஜோடி அவள் பெயரைச் சொன்னாள். பாட்டு அப்படியே இருக்கும் என்றாள். அன்று மாலைக்குள் கருத்துப் பக்கம் தலைகீழாக மாறியது. மூனா ஜெஃப் நீளமாக மன்னிப்புக் கேட்டிருந்தார். அந்த முப்பது முறை ஒட்டியதை நீக்கிவிட்டார்கள். அவசரக்காரி என்ற பெயர் மட்டும் போகவில்லை. இப்போது அன்பாகச் சொன்னார்கள்.

எங்களுக்குக் குளிர்காலமான ஜூலையில் சேர்ந்திசைக் குழு நகர மண்டபத்தில் ஒரு ஞாயிறு மதியம் பாடியது. பெவ் எனக்கும் பிரையனிக்கும் முதல் வரிசையில் இடம் வைத்திருந்தாள். மலையில் பனி விழுந்திருந்ததால் எல்லோரும் மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக்கு முந்திய பாட்டு 'ஈரத்துணி'. ஏழு பேர் நின்றார்கள். எட்டாவது இடத்தை விட்டிருந்தார்கள்.

அந்த மௌனம் வந்தது. ஒன்று. இரண்டு. மூன்றில் ஏழு பேரும் சேர்ந்து எடுத்தார்கள். வேண்டுமென்றே. நெரிடாவுக்காக. எனக்குப் பின்னாலிருந்த வரிசைகளிலும் சிலர் மூன்றிலேயே எடுத்தார்கள். எல்லோருக்கும் அந்தத் தவறு மனப்பாடமாகியிருந்தது.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஓடிவிட வேண்டும் போலிருந்தது. பெவ் மேடையிலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். பிரையனி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அவளுக்கு இது புடிச்சிருக்கும்ல?" என்றாள்.

"புடிச்சிருக்கும்" என்றேன்.