சொல்லக் கூடாத சொல்

"பாலைக் குடுங்க அத்தை. நானே ஊத்துதேன்."

முத்துக்கனி சொன்னது வார்டில் நாலு கட்டில் தள்ளியும் கேட்டது. சண்முகத்தாய் அத்தை கைவிசிறியைக் கீழே போட்டாள். நோயாளி பக்கத்தில் அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது என்று முதல் நாளே முத்துக்கனிக்குச் சொல்லி வைத்திருந்தாள். பால் என்று சொல்லலாம். ஊத்து என்றும் சொல்லலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லக் கூடாது. பால் ஊற்றுவது சாகப்போகிறவர் வாயில்.

"வாயைக் கழுவு ஏளா. மூச்சு ஓடிக்கிட்டிருக்க மனுசனுக்குப் பால் ஊத்துதேங்கியே, பி.எஸ்ஸி. படிச்ச வாயா இது?"

கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்த புரோட்டீன் மாவு டப்பா முத்துக்கனி கையில் இருந்தது. மூடியைத் திறந்திருந்தாள். உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாள் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தது.

டப்பாவை வாங்கி வந்தவள் அவள்தான். அவளுடைய அப்பா பிச்சையா, புதுத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது கப்பலின் அடித்தட்டில் விழுந்தவர். தலையில் அடி. அன்றிலிருந்து நினைவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்கு ரப்பர் குழாய் போட்டிருந்தார்கள். துணைக்கு இருந்தவள் அப்பாவின் அக்காளான அத்தை. நர்ஸ் ஜெயபாய் அவளிடம் விளக்கினார்: "காய்ச்சி ஆறின பால்ல ஒரு முட்டை, இந்த மாவு ரெண்டு கரண்டி. நல்லா அடிச்சு வடிகட்டி, ரெண்டு மணிக்கொருக்க புனல் வச்சு மெதுவாப் பால் ஊத்துங்க."

நாசரேத்து ஊர்க் கிறிஸ்தவப் பெண்ணான ஜெயபாய்க்கு அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. அத்தைக்கு இருந்தது. அவள் முகம் அப்போதே மாறியிருக்க வேண்டும். முத்துக்கனி பார்க்கவில்லை. தான் டீச்சராக இருந்த ஆறுமுகநேரிப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தாள்.

தினமும் சாயங்காலம் வந்து கேட்பாள்: "குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு." நர்ஸ் கேட்டாலும் அதே பதில். ஊத்தியாச்சு என்று அத்தை ஒருநாளும் சொன்னதில்லை.

இன்றைக்குப் பக்கத்துக் கட்டில்காரி வாயைத் திறந்தாள். அவள் புருஷன் இனிகோ, கடலில் சங்கு குளிக்கப் போய் நினைவில்லாமல் மேலே வந்தவன். அவனுக்கும் அதே குழாய்.

"தங்கச்சி, உங்க ஆளுகளுக்குப் பால் ஆகாதா? உங்க அப்பாவுக்கு வெறும் எளநியும் சீனித் தண்ணியும்தான போகுது?"

"அப்ப பாலு?"

"வாரவுகளுக்கெல்லாம் உங்க அத்தை வராந்தாவுல காப்பி போட்டுக் குடுக்காவளே. நானும் குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு."

அதைக் கேட்டுத்தான் முத்துக்கனி டப்பாவைத் தேடி எடுத்தாள். இப்போது அண்ணன் ராஜதுரை கட்டிலைச் சுற்றி வந்து அவள் கையைப் பிடித்தான். "கத்தாத. அத்தை தெரிஞ்சதச் செஞ்சாவ."

"தெரிஞ்சதச் செய்யல. பயந்ததச் செஞ்சாவ."

"ஊத்தின அன்னைக்கே அப்பா போயிருந்தா? இவ பால் ஊத்தித்தான் போனாருன்னு ஊரு சொல்லாதா?"

"பட்டினியா போனா ஊரு ஒண்ணும் சொல்லாது. அப்படித்தான?"

கையை உதறிவிட்டு ஈயத்தாளைக் கரண்டியின் காம்பால் குத்தினாள். மாவு இறுகாமல் புதிதாகவே இருந்தது. பாலில் கலந்து அடித்தாள். ஜெயபாய் வந்து குழாயைச் சரிபார்த்தார். புனலில் பால் இறங்க மறுத்து நின்றது. பிறகு கொஞ்சம் இறங்கியது. அப்பாவின் தோள் எலும்பு சட்டை மாட்டும் ஆணிபோல் துருத்திக்கொண்டிருந்தது. தலையில் அடிபட்டால் உடம்பு இப்படித்தான் வற்றும்போல என்று அவளும்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் டாக்டர் அப்பாவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். "சளி கட்டிட்டு. வீட்டுக்குக் கொண்டு போயிருங்க."

"ஒழுங்கா சாப்பாடு போயிருந்தா?" என்று கேட்டாள் முத்துக்கனி.

டாக்டர் அத்தையைப் பார்த்தார், பிறகு அவளை. "அடி பலமான அடிம்மா. உடம்புல சத்து இருந்திருந்தா சளியோட மல்லுக்கு நின்னிருப்பார். ஜெயிச்சிருப்பாரான்னு என்னால சொல்ல முடியாது."

குழாயை எடுத்தார்கள். மூக்கோரத்தில் பிளாஸ்திரி இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. ராஜதுரை தட்டுமுட்டுச் சாமான்களைப் பையில் திணித்தான். டப்பாவும் உள்ளே போனது. இனிகோவின் பெண்சாதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மாவு எந்தக் கடையில கெடைக்கும் தங்கச்சி? நான் கேட்ட எடத்துல இல்லங்கான்."

"சாயங்காலம் கொண்டாரேன்" என்றாள் முத்துக்கனி.

வீட்டில் அப்பாவைத் தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். மத்தியானம் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அத்தையே அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினாள். ஆற்றி, விரலை விட்டுச் சூடு பார்த்தாள். இப்போது அந்தச் சொல் எல்லார் வாயிலும் இருந்தது. "மகன் மொதல்ல ஊத்தட்டும்." "எங்கனப்பா சித்தப்பா, அவரையும் ஊத்தச் சொல்லு." ஆளுக்கொரு கரண்டி ஊற்றினார்கள். ஒன்றும் உள்ளே போகவில்லை. கடைவாயில் வழிந்து காதோரம் இறங்கியது.

அத்தை டம்ளரை அவளிடம் நீட்டினாள். "நீயும் ஒரு வாய் ஊத்து தாயி. நீதான கேட்ட."

அத்தையின் குரலில் குத்தல் இல்லை. முத்துக்கனி டம்ளரை வாங்கித் தரையில் வைத்தாள். முந்தானையால் அப்பாவின் காதுக்குழியில் தேங்கிய பாலை ஒற்றியெடுத்தாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. அத்தை மார்பில் அறைந்துகொண்டு அழுதாள்.

வெயில் தாழ்ந்ததும் பாடை கட்டினார்கள். பெண்கள் வாய்க்கரிசி போட வரிசையில் நின்றார்கள். முத்துக்கனி உள்ளறைக்குப் போய்ப் பையைக் கொட்டி டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பந்தல்காலைப் பிடித்து நின்ற ராஜதுரை அவளைப் பார்த்தான். "எங்கன போற? எடுக்க நேரமாச்சு."

"ஆஸ்பத்திரிக்கு. ஆறு மணிக்கு ஒரு ஆளுக்குப் பால் ஊத்தணும்."

பந்தலில் பேச்சு நின்றது. வரிசையிலிருந்து அத்தை, "ஏளா..." என்றாள்.

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடையதைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு முத்துக்கனி தெருவில் இறங்கினாள். டப்பாவுக்குள் கிடந்த கரண்டி தெருமுனை வரைக்கும் இடித்துக்கொண்டே வந்தது.