மூன்று மாத்திரை வைத்தியம்

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகும் வழியில் லாட்ஜ் நடத்தும் தாணுமாலயன் மருத்துவம் படித்தவரில்லை. அது ஒரு குறையென்று அவருக்கு என்றைக்கும் தோன்றியதுமில்லை. சீசனில் அருவியில் நனைந்து தும்மிக்கொண்டு வருகிறவர்களுக்கு அறைச் சாவியோடு மூன்று ஆன்டிபயாடிக் மாத்திரைகளையும் கொடுப்பார். சளி வைரஸால் வருவது, அதை இந்த மாத்திரை தொடவே தொடாது என்பதெல்லாம் படித்தவர்கள் கவலை. சளி நாலு நாளில் தானாகப் போய்விடும். பேர் இவருக்கு வந்துவிடும்.

தனக்கும் அதே வைத்தியம்தான். தொண்டை கரகரத்தால் ஒன்று, வயிறு பொருமினால் ஒன்று. எப்போதாவது டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தாலும் இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார். அதிக மருந்து உடம்புக்கு ஆகாதாம்.

இந்த ஆடியில் அவருக்கு நீர்க்கடுப்பு வந்தது. வழக்கம்போல மூன்று மாத்திரை. கேட்கவில்லை. வேறு நிறத்தில் மூன்று. நாலாம் நாள் குளிர்காய்ச்சலில் கட்டிலே ஆடியது. மனைவி சண்முகப்பிரியா ஆட்டோ பிடித்துத் தென்காசி ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தாள்.

டாக்டர் ரஹ்மத்துன்னிசா, கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்குகிறதென்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சிறுநீரை அனுப்பினார். இரண்டு நாளில் முடிவு வந்தது.

"அண்ணாச்சி, உங்க கிருமிகிட்ட பதினாலு மருந்தைக் காட்டியிருக்காங்க. பதினொண்ணுக்கு அது அசையவே இல்ல."

தாணுமாலயன் முகத்தில் லேசான பெருமை. "நம்ம உடம்பு அம்புட்டு ஸ்ட்ராங்குல்லா, டாக்டரம்மா!"

"ஸ்ட்ராங்கா இருக்கது கிருமி. அரைகுறையா மருந்து தின்னீங்கள்லா? நோஞ்சான் கிருமியெல்லாம் செத்துப்போச்சு, தாக்குப்பிடிச்சது மிஞ்சிப் பெருகிட்டு. இனி மாத்திரை கேக்காது. பத்து நாள் ஊசி. ஒண்ணுகூட விடக்கூடாது."

மூன்றாம் ஊசியிலேயே காய்ச்சல் விட்டது. தாணுமாலயனுக்குள் இருந்த வைத்தியர் உடனே எழுந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, சட்டையை எடு. நல்லாயிட்டு. சீசன் கூட்டத்தை அங்கன யாரு பாக்கது?"

"தும்முதவங்க தானாத் தும்மிக்கிடுவாங்க. படுங்க," என்றாள் சண்முகப்பிரியா. சட்டையைப் பையில் திணித்தாள். பையைத் தலைக்கு வைத்து, வாசலை அடைத்துத் தரையில் படுத்துக்கொண்டாள்.

அவளைத் தாண்டிப் போகத் தைரியமில்லாமல் பத்து நாளும் ஊசி போட்டுக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயதில் அவர் முழுசாக முடித்த முதல் மருந்து அதுதான்.

கிளம்பும் நாளில் பக்கத்துக் கட்டில் முத்துராமலிங்கம், காலில் புண்ணுக்குப் போட்ட கட்டோடு, வலி போய்விட்டதென்று மிச்ச ஆன்டிபயாடிக் மாத்திரைகளை ஒதுக்கி வைத்தார். தாணுமாலயன் பதறிப்போனார்.

"எடுத்து முழுங்கும்வே! டாக்டர் எழுதினதை முழுசாத் திங்கணும், எழுதாததைத் தொடக்கூடாது. எத்தனை பேருக்கு நான் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்! ஒருத்தன் கேட்டான்னு இல்ல."