கத்தி ஒரு முழம் மேலே

மீன் லாரியை விற்றுவிட்டு ஷேக் தாவூத் பஞ்சாபிலிருந்து அறுவடை மிஷினைக் கொண்டுவந்தபோது அச்சரப்பாக்கமே கூடி வேடிக்கை பார்த்தது. ஒரே போகத்தில் அதே ஊர் கைகொட்டிச் சிரித்தது. கோதுமைக்கென்று பிறந்த மிஷின், நெல்லைக் கண்டதும் பாதியை உடைத்து நொய்யாகத் துப்பியது. டீசலையோ, நோன்பு திறந்தவன் தண்ணீர் குடிப்பதுபோல் குடித்தது. அதுவும் டீசல் விலை எகிறிக் கிடந்த எழுபத்து நாலாம் வருஷம்!

"இன்னும் ஒரே ஒருவாட்டி ஓட்டிப் பாருங்க. அப்பவும் ஒடச்சா காயலாங்கடைக்குப் போட்டுட்டு மீனுக்கே போவலாம்" என்று மனைவி ராபியா கெடு வைத்தாள்.

தாவூத் மிஷினடியிலேயே கிடந்தான். ஒருநாள் சுரீரென்று உறைத்தது. தப்பு மிஷின் மேல் இல்லை, ஓட்டியவன் மேல். தரையோடு ஒட்ட அறுப்பதுதான் இந்தப் பக்கத்துக் கௌரவம். தாள் உயரமாக நின்றால் சோம்பேறி அறுப்பு என்பார்கள். அவனும் அரிவாள் பிடித்தவன் மாதிரியே கத்தியைத் தரையில் தேய்த்து ஓட்டியிருந்தான். அத்தனை வைக்கோலையும் விழுங்கி அரைக்கத்தான் டீசல் கரைந்தது. அதற்காகக் கதிரடிக்கும் உருளையை வேகமாகச் சுற்றவிட்டதில்தான் நெல் உடைந்தது. கத்தியை ஒரு முழம் உயர்த்தினான். உருளைக்குப் பெரிய புல்லி மாட்டி வேகத்தைக் குறைத்தான்.

சரி, நம்பி வயல் கொடுப்பது யார்? காணும் பொங்கலன்று அறுப்பு ஆட்களெல்லாம் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். உள்ளூர் விவசாயி வரதனின் முற்றிய நெல்லுக்கு மேலே கருமேகம் திரண்டது. மனிதர் வேறு வழியில்லாமல் ஓடிவந்தார்.

மிஷின் இறங்கிய மாத்திரத்தில் அவர் கத்தினார்: "இன்னா பாய், பாதித் தாள உட்டுகினு போற? மாடு இன்னாத்த துன்னும்?"

"மீதிய நாளைக்கு ஆளுங்க அறுக்கட்டும், அண்ணாத்த. வைக்கோலு நசுங்காம முழுசா கெடைக்கும். இப்ப நெல்லு நனைஞ்சா இன்னா பண்ணுவ?"

வரதன் மேகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சாக்கு எடுக்க ஓடினார்.

கடைசி மூட்டை கட்டும்போது முதல் தூறல் விழுந்தது. தாவூத் டீசல் கேனை ஆட்டிப் பார்த்தான். பாதிக்கு மேல் தளும்பியது. ஆனால் நெல்லைப் பார்க்கத்தான் அவனுக்குத் தைரியம் வரவில்லை. வரதனின் மனைவி சந்திரம்மா ஒரு முறம் அள்ளிப் புடைத்தாள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். ஒன்றைக் கடித்துப் பார்த்தாள்.

"நொய்யே காணமே!" என்றவள், இரண்டு மூட்டைகளைத் தனியே இழுத்து வைத்தாள். "யோவ், இதுங்கள விக்காத. விதைக்கு எடுத்து வையி."

தாவூதுக்குக் கண் நிறைந்துவிட்டது. வியாபாரி நெல்லைப் பார்த்து நாலு வார்த்தை மெச்சுவான், போவான். விதைக்கு எடுத்து வைப்பவளோ அடுத்த வருஷச் சோற்றையே இந்த மிஷினை நம்பி ஒப்படைக்கிறாள்.

கொட்டும் மழையில் மிஷின்மேல் ஏறி, கடற்கரைக்குப் போனவர்கள் காதிலும் விழட்டும் என்று ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.