எல்லாக் குப்பியிலும் சிவப்பு

கூட்ட அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேசையின் தலைப்பக்கத்தில் தலைமை மருத்துவர். அவருக்கு வலப்புறம், மின்விசிறிக்கு நேர் கீழே, நிர்வாக அதிகாரி. எதிர்ப்புறம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, மருந்துப் பாதுகாப்புக்குப் பொறுப்பான மருந்தாளுநர். நர்ஸ் மட்டும் மேசையோடு ஒட்டாமல், கதவோரத்து நாற்காலியின் நுனியில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நடந்தது இதுதான். காலையில் ஒரு நோயாளிக்கு இன்சுலின் எடுக்கப்போன நர்ஸ், பக்கத்திலிருந்த ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை எடுத்துவிட்டாள். ஊசி போடும் முன் சந்தேகம் தட்டி, குப்பியின் மேலிருந்த சிவப்பு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளே போய் நடந்ததை எழுதியும் கொடுத்தாள்.

"அடுத்த வாரம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலிருந்து ஆய்வுக்கு வர்றாங்க," என்றார் நிர்வாக அதிகாரி. "இவங்கள வேலையை விட்டு அனுப்பிட்டா, நடவடிக்கை எடுத்த மாதிரி இருக்கும். கதை முடிஞ்சது."

"நான் எழுதிக்கொடுக்கலைன்னா உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது சார்," என்றாள் நர்ஸ்.

மருந்தாளுநர் குறுக்கிட்டாள். "ஏன் சிஸ்டர் சுரண்ட வேண்டி வந்துச்சு?"

"மருந்துப் பேருல பாதி ஸ்டிக்கருக்கு அடியில இருக்கு மேடம். முன்னாடி ரெண்டு மருந்துலதான் சிவப்பு இருந்துச்சு, பார்த்தாலே கை தயங்கும். இப்போ அலமாரி முழுக்கச் சிவப்பு. எல்லாத்துக்கும் பயப்படச் சொன்னா, எதுக்குத்தான் பயப்படறது?"

ஸ்டிக்கர் ஒட்டுவது மருந்தாளுநரின் யோசனை. ஆபத்தான மருந்துகளுக்கென்று ஆரம்பித்தவள், சுற்றறிக்கை வரும்போதெல்லாம் ஒரு மருந்தைச் சேர்த்துக்கொண்டே போனாள். போன ஆய்வில் அதற்குப் பாராட்டு வேறு. வேலி கட்டுகிறோம் என்று நினைத்து வாசலையும் சேர்த்து அடைத்திருப்பது இப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டால் தன் பேர் அப்படியே இருக்கும். இந்தப் பெண் வீட்டுக்குப் போவாள். பிறகு எந்த வார்டிலிருந்தும் ஒருத்தரும் எதையும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள்.

"டாக்டர், தப்பு ஸ்டிக்கர்ல இருக்கு. ஒட்டச் சொன்னது நான். துறைக்கு அப்படியே எழுதறேன்."

"சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறதுன்னா இதுதான் மேடம்!" என்றார் நிர்வாக அதிகாரி.

தலைமை மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாராவாரம் நானும் அந்த அலமாரியைப் பார்க்கறேன். பளிச்சுன்னு இருக்குன்னு வேற சொன்னேன். எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடறேன். சிஸ்டர், நீங்க வார்டுக்குப் போங்க, அங்க ஆள் இல்ல."

எழுந்த நர்ஸ் உடனே போகவில்லை. "மேடம், அப்போ ஸ்டிக்கரை உரிச்சிடலாமா?"

"முதல்ல இன்சுலினை வேற தட்டுக்கு மாத்துங்க. உரிக்க நானும் வர்றேன். ஒத்தை நகத்தால எத்தனை உரிப்பீங்க?"

நர்ஸ் சிரித்தாள். பாதியில் அது அழுகையாகி, மறுபடியும் சிரிப்பானது.

சாயங்காலத்துக்குள் கடிதம் தயாராகிவிட்டது. நடந்தது, காரணம், செய்யப்போகும் மாற்றம் என்று ஒரே பக்கம். காரணத்தை மருந்தாளுநர் 'நான்' என்று தொடங்கியிருந்தாள். அலுவலகக் கடிதத்தில் அவள் அந்தச் சொல்லை எழுதுவது அபூர்வம். இரண்டு கையெழுத்தும் காய்ந்ததும் மடித்து, உறையிலிட்டு, பசை தடவி அழுத்தினாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் வயிற்றுக்கு ஞாபகம் வந்தது. தபால் பிரிவுக்காரர் கொட்டாவி விட்டபடி முத்திரை குத்தினார். தபால் பை ஏற்கெனவே நிரம்பி வழிந்தது. உறையின் ஒரு மூலை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதை உள்ளங்கையால் உள்ளே தள்ளி, கயிற்றை இழுத்து முடிந்தார்.