கிழக்கு வாசல் கயிறு

வைடன்பாக் நகரத்தின் கிழக்கு வாசல் கோபுரத்தில் அடியில் கைதிகளைப் போடும் குழி, உச்சியில் காவல்காரன் லீன்ஹார்டின் குடித்தனம். இரண்டுக்கும் ஒரே ராட்டினம், ஒரே கயிறு. அவனுக்கு ரொட்டியும் பீரும் கூடையில் ஏறும்; கைதி அதே கூடையில் இறங்குவான். குழியில் கிடப்பவனோடு காவல்காரன் பேசக் கூடாது என்பது விதி. எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். லீன்ஹார்ட் ஒருவனுக்கும் வாய் திறந்ததில்லை. அதில் அவனுக்குப் பெருமை வேறு.

அந்த ஆண்டு மதிலுக்கு வெளியே கொள்ளைநோய். ஒரு மாலை கதவைப் பூட்டி, சாவியை மேயர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தால், மனைவி வால்புர்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடக்கிறாள். மருத்துவச்சி ஆபெல் இருப்பதோ மதிலுக்கு வெளியே. சாவி கேட்டு மேயரிடம் ஓடினான். "விடியட்டும் பாக்கலாம்," என்று கதவைச் சாத்திவிட்டார் அந்த மகராசன். பிள்ளை விடியும்வரை காத்திருக்குமா?

மதிலுக்கு வெளியே பார்த்த ஜன்னலில் நின்று ஆபெலைக் கூவி அழைத்து, கூடையை அந்தப் பக்கம் இறக்கினான்.

"ஏம்ப்பா, என்னைய முட்டைக்கோஸ் மூட்டன்னு நெனச்சியா? மெதுவா இழு."

"கண்ண மூடிக்கக்கா. கீழ பாக்காத."

பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். லீன்ஹார்ட் வாய்விட்டு அழுதான்.

காலையில் உள்ளேயிருந்து வெளியே போன ஆபெலை ஊர் பார்த்துவிட்டது. நோய்க்காலத்தில் வெளியாளை உள்ளே ஏற்றியதற்கு லீன்ஹார்டுக்குக் குழி என்றது நகரசபை. தாயையும் பிள்ளையையும் நோய்க்குப் பயந்து உச்சியிலேயே அடைத்தார்கள். நேற்றுவரை அவனோடு பீர் குடித்த உட்ஸ் என்பவன்தான் புதுக் காவல்காரன். அவனே ராட்டினத்தைச் சுற்றினான்.

"மன்னிச்சிருண்ணே. விதி உனக்குத் தெரியாததில்ல."

இருட்டில் லீன்ஹார்டுக்கு ஒரே ஆறுதல், கயிற்றுத் துளை வழியே வரும் குழந்தையின் அழுகை. அது கேட்கும்வரை பயமில்லை.

ஒருநாள் வாசலில் போன பெண்களின் பேச்சு சுவர் வழியே கேட்டது.

"ஆபெலுக்குக் காய்ச்சலாம்டி. அக்குள்ல கட்டி கௌம்பிருச்சாம்."

அன்று குழந்தை அழவில்லை. லீன்ஹார்ட் கயிற்றுத் துளைக்குக் கீழே போய் நின்றான். தலைக்கு மேல் காலடி கேட்டதும் கத்தினான்.

"உட்ஸ், கொழந்த தூங்குதாடா?"

காலடி நின்றது.

"வால்புர்கா பால் குடுக்கறாளா? ஒரே ஒரு வார்த்த சொல்லுடா, ஒன்னக் கும்பிடுறேன்."

 காலடி, இத்தனை வருடம் லீன்ஹார்ட் நடந்த அதே நிதானத்தில் நகர்ந்து போனது.